சீனி போடாத கம்போட்டு

சன்னாசியண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், கெங்கமுடி தேயிலை எஸ்டேட்டின் கீழ் லைன் குடியிருப்பில் இருந்த அத்தனை வீட்டுச் சீனியும் இனிப்பை விட்டுவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். என் பேர் ஜெயக்கொடி. தவமணியக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். டீ உள்ளே இறங்காமல் எனக்குப் பொழுது விடியாது. அன்றைக்கும் டம்ளரில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி வாயில் வைத்தேன், சப்பென்று இருந்தது, இன்னொரு கரண்டி போட்டேன், அதற்கும் அசையவில்லை, கோபம் வந்து டப்பாவையே கவிழ்த்தேன், டம்ளரில் சீனி பாதி டீ பாதி என்று நின்றதே தவிர இனிப்பு என்று ஒரு துளி இல்லை. அடி ஆத்தி, நாக்குத்தான் செத்துப்போச்சா என்று உப்பை வைத்துப் பார்த்தேன், கரித்தது, பச்சை மிளகாயைக் கடித்தேன், காதுவரைக்கும் ஏறியது. ஆக நாக்கு உயிரோடுதான் இருந்தது, சீனிதான் செத்திருந்தது.

வெளியே வந்தால் லைன் முழுக்க அதே கூத்து. ஒரு வீட்டில் மாமியார்க்காரி, சீனியில் ரவையைக் கலந்து வைத்திருக்கிறாள் என்று மருமகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டில் வெல்லத்தைக் கடித்தவர் மண்கட்டியைக் கடித்ததுபோல் துப்பிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் மிட்டாயை வாயிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்து அழுதன, கருப்பட்டி கறுப்பாக மட்டும் இருந்தது. அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தோம். ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலிருந்தும் ஒரு வரிசை கிளம்பி, வாசலில் இறங்கி, சாக்கடையைக் குச்சிப் பாலத்தில் தாண்டி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய வரிசையாகி, அவசரம் இல்லாமல், சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் நடக்கிற மாதிரியே நடந்து, தவமணியக்கா வீட்டு வாசற்படியில் ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தன. நாங்களும் அவற்றின் பின்னால் போனோம்.

உள்ளே அடுப்பில் மண்சட்டி இருந்தது. எறும்புகள் சட்டியைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டன, ஒன்றுகூட ஏறவில்லை. சட்டியில் இருந்தது முந்தின நாள் படையலுக்கு அக்கா காய்ச்சி வைத்த கம்போட்டு.

கம்போட்டு என்றால் என்னவென்று கேட்பீர்கள், சொல்கிறேன். தவமணியக்கா வயசுப் பெண்ணாக இருந்தபோது மேனேஜர் பங்களா குசினியில் சமையல் வேலை பார்த்தவள். அங்கே துரைசானி காட்டுப் பழங்களை வாங்கி, பழத்தின் எடைக்கு எடை சீனி கொட்டிக் காய்ச்சி, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பாள், அதற்குப் பேர்தான் கம்போட்டு. பாகாகக் கெட்டிப்படாது, தண்ணீராகவும் ஓடாது, பழம் பாதி உடைந்து பாதி முழுசாகக் கிடக்கும். அக்கா அதைக் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் மலையில் புதர் புதராகக் காய்க்கிற தவிட்டுப்பழத்தில் செய்தாள். கறுத்த ஊதாப் பழம், தலையில் சின்னதாக ஒரு கிரீடம், தோலில் பூனைமயிர், நன்றாகக் கனிந்தது இனிக்கும், கொஞ்சம் முந்திப் பறித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற துவர்ப்பு. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் சன்னாசியண்ணன் அந்தக் கம்போட்டு ஒரு சட்டியைத் தனியாளாகத் தின்று முடித்துவிட்டு, சட்டியையும் விரலால் வழித்து நக்கிவிட்டு, "தவமணி, நான் உன்னைக் கட்டினது இதுக்காகத்தான்" என்று லைனுக்கே கேட்கச் சொன்னார். பேர்தான் சன்னாசி, மனுஷனுக்கு இனிப்பு என்றால் உயிர்.

அந்த இனிப்பே அவர் உயிருக்கு உலை வைத்தது. சுகர் ஏறி, கால் விரலில் புண் வந்து, புண் ஆறாமல், கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். கட்டிலில் படுத்தபடியே அண்ணன் அக்காவின் தலையில் கை வைத்து, "இனி நம்ம வீட்டுச் சீனியைத் தொடமாட்டேன், உன்மேல சத்தியம்" என்று சொன்னார். அக்கா அந்தச் சத்தியத்தை நம்பினாளா? நம்புவாளா? வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவுக்குக் கொண்டி அடிக்கச் சொல்லி, அண்ணனையே பூட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதோடு விட்டாளா, வீடு வீடாக வந்து எங்கள் கையைப் பிடித்து, "அவர் வந்து கேட்பார், பல்லைக் காட்டுவார், ஒரு சிட்டிகை குடுத்தாக்கூட என் தாலிக்கு நீங்கதான் பொறுப்பு" என்று எங்களிடமும் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து அவளும் சீனி போட்டு ஒரு வாய் டீ குடித்ததில்லை, அந்த டப்பாவைத் திறந்ததே இல்லை.

கம்போட்டு மட்டும் நிற்கவில்லை, சீனிதான் நின்றது. தவிட்டுப்பழம் பழுக்கிற காலம் வந்தால் அக்கா காலையில் புதருக்குப் போய், தொட்டால் கையோடு வருகிற கனிந்த பழமாகப் பார்த்துப் பறித்து, கிரீடத்தைக் கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசி, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் போட்டு, கமலா ஆரஞ்சு ஒரு பாதியைப் பிழிந்து, பட்டை ஒரு துண்டு போட்டு, விறகை இழுத்துத் தணித்து, பழம் தன் தண்ணீரிலேயே வேகிறவரைக்கும் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டு நிற்பாள். "பழத்துல ஆண்டவன் என்ன போட்டு அனுப்பிருக்கானோ அதான் இனிப்பு, போதும்" என்பாள். அண்ணன் ஒரு கரண்டி வாயில் வைத்து முகத்தைச் சுளித்து, "இது கம்போட்டு இல்ல தவமணி, கஷாயம்" என்பார். ஆனாலும் தின்பார்.

தின்றுவிட்டு, விரல் போன காலை இழுத்து இழுத்துக்கொண்டு, லைனில் ஒவ்வொரு வாசலாக வந்து நிற்பார். "கொழந்தே, ஒரு சிட்டிகை சீனி குடேன், அவகிட்டச் சொல்லாதே." என் வாசலில் எத்தனை தடவை நின்றார் என்று கணக்கில்லை. நான் இல்லையென்று சொல்வேன், அவர் சிரிப்பார், சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவார், அங்கேயும் இல்லைதான். சாகிற அன்றைக்குக் காலையில் கம்போட்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தவமணி, இன்னிக்கு மட்டும் இதுல ஒரு கரண்டி சீனி போடேன்" என்று கேட்டிருக்கிறார். அக்கா சட்டி தேய்த்துக்கொண்டே, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றிருக்கிறாள். மத்தியானம் படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்த 'நாளைக்கு' என்கிற வார்த்தை அக்காவை விடவே இல்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்த எல்லாம் வைக்க வேண்டும் இல்லையா, அக்கா கம்போட்டுக் காய்ச்சினாள். எங்கள் வழக்கப்படி படையலுக்குச் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது, எச்சிலாகிவிடும். அவள் பார்க்கவும் இல்லை. இலையில் பரிமாறி, விளக்கேற்றி, அவர் வந்து சாப்பிட வேண்டுமென்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நின்றோம். அப்போதுதான் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ ஜெயக்கொடி, சீனி போடலைடி! கை பழக்கத்துல போடாமலே எறக்கிட்டேன்டி! செத்தவருக்கு என்னடி சுகரு, இன்னிக்காவது போட்டிருக்கலாமே!" உள்ளே ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் நடக்கிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கதவைத் திறந்தபோது மரக்கரண்டி சட்டிக்கு வெளியே கிடந்தது.

ஆகவே மறுநாள் காலையில் எறும்புகளின் பின்னால் போய் அந்தச் சட்டியைச் சுற்றி நின்றபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பூசாரி மூக்கையா விரலை விட்டு நக்கினார். கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "இனிக்குது" என்றார். பிறகு நான் நக்கினேன். என் சாமி, அந்த இனிப்பை எப்படிச் சொல்வேன், நாக்கில் பட்டதும் வீட்டில் தொலைந்த என் சீனி அதேதான் என்று எனக்குத் தெரிந்தது, பெற்ற பிள்ளையைத் தாய்க்குத் தெரியாதா. இனிப்பு இறங்க இறங்க, காதுக்குப் பக்கத்தில் சன்னாசியண்ணன் குரல் வந்தது. "கொழந்தே, ஒரு சிட்டிகை சீனி குடேன்." என் வாசலில் நின்று கேட்ட அதே குரல், அதே சிரிப்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. நின்றவர்கள் எல்லாருக்கும் அப்படியேதான், அவரவர் வாசலில் நின்று அவரவரிடம் கேட்டது அவரவருக்குக் கேட்டது.

கடைசியாக அக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் அப்படியே நின்றது. "துவர்க்குதே" என்றாள். இன்னொரு கரண்டி. "எனக்கு மட்டும் துவர்க்குதே. எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அவர் என்மேல கோவமாப் போயிட்டாரு" என்றாள்.

மனுஷர்களுக்கு எதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். லைனில் புது வழக்கம் வந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தர் ஒரு கை தவிட்டுப்பழத்தைக் கொண்டுவந்து சட்டியில் போட வேண்டும், போட்டுவிட்டு அடுப்புக்கு நேராக நின்று, "சன்னாசியண்ணே, ஒரு கரண்டி எடுத்துக்கிறேன்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டால் உள்ளறையில் ஒரு இருமல் வரும், இருமல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுத்தவன் ஒருவனுக்கு மூன்று நாள் வாய் கசந்தது. அந்தக் கரண்டியை டம்ளரில் போட்டு ஊதா நிற டீ குடித்தோம், ஊதாக் கஞ்சி குடித்தோம், ஊதாப் பாயசம் வைத்து ஒரு பெண்ணுக்குப் பூச்சூட்டினோம், கொழுந்து பறிக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் கீழ் லைன் ஆட்கள் யாரென்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி சட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று நின்று பேசிக்கொண்டார்கள். சட்டியில் எவ்வளவு எடுத்தாலும் அவ்வளவு இருந்தது, எவ்வளவு போட்டாலும் அவ்வளவுதான் இருந்தது.

இனிப்புக்காகப் போனோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், பலபேர் அந்தக் குரலுக்காகப் போனோம். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றவரை, "இல்லண்ணே, போங்கண்ணே" என்று அனுப்பியவர்கள்தான், இப்போது அவர் கேட்பதைக் கேட்டு, மனசுக்குள்ளேயே, "எடுத்துக்கண்ணே, எடுத்துக்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு விழுங்கினோம்.

அக்காதான் பாவம். கிண்டுவது அவள், விறகு தள்ளுவது அவள், புதுப் பழத்தின் கிரீடம் கிள்ளிக் கிள்ளி நகமெல்லாம் ஊதா. அவள் பின்னாலேயே அந்தக் கால் இழுபடும் சத்தம் சமையலறைக்கும் உள்ளறைக்கும் நடந்துகொண்டிருந்தது, திரும்பினால் நின்றுவிடும். தினமும் எல்லாரும் எடுத்த பிறகு அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பாள், தினமும் துவர்க்கும். கரண்டி வாங்கிப் போகிறவர்களை வாசலில் மறித்து, "இன்னிக்கு என்ன சொன்னார்? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்பாள். "வழக்கமாக் கேக்கிறதுதான்க்கா, ஒரு சிட்டிகை சீனிதான் கேட்டார்" என்போம். ஒருநாள் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "தவமணியைப் பாத்துக்கன்னு சொன்னார்க்கா" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "அவர் உங்கிட்ட என்னைத் தவமணின்னு சொல்லமாட்டார்டி, உங்கக்கான்னுதான் சொல்வார்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இதற்கு நடுவில் கீழே மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கிற மைதீன் பாய் கொதித்துப்போய் மேலே ஏறி வந்தார். கெட்ட சீனி விற்கிறார் என்று எங்கள் லைன் ஆட்கள் அவர் பேரைக் கெடுத்துவிட்டார்களாம். கையோடு கொண்டுவந்த பொட்டலத்தை லைனுக்கு வெளியே பிரித்து எங்களிடம் கொடுத்தார், இனித்தது, லைனுக்குள் கொண்டுவந்ததும் செத்தது. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "அந்தச் சட்டியில என்னதான் இருக்கு, காட்டுங்க" என்றார். ஒரு கரண்டி கொடுத்தோம். மனுஷன் வாயில் வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினார். "யா அல்லா, என்னம்மா இது, நாக்கை யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி துவர்க்குது! இதையா தேன் தேன்கிறீங்க?" நாங்கள் சிரித்தோம், பாயின் நாக்கு கருவாட்டுக்குத்தான் லாயக்கு என்று கிண்டல் செய்து அனுப்பினோம். தவமணியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்கும் துவர்க்குதா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாரியம்மன் திருவிழா வந்தது. கோயில் லைனுக்குள் இருக்கிறது. அம்மனுக்குப் பொங்கிய சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் செத்துக் கிடந்தது, மாவிளக்கில் இனிப்பில்லை, பஞ்சாமிர்தம் வெறும் வாழைப்பழக் கூழ். சட்டிக் கம்போட்டை எடுத்துக் கலக்கலாமென்றால், செத்தவர் படையலை அம்மனுக்கு எப்படி வைப்பது? பூசாரி மூக்கையா எல்லாரையும் கோயில் முன்னால் கூட்டிவைத்துச் சொன்னார். "போதும். அவனுக்கு ஒரு ஆசை நின்னுபோச்சு, அதைக் குடுத்து அனுப்பிரணும். வர்ற வெள்ளிக்கிழமை காலையில அவன் வீட்டுச் சீனி ஒரு கை எடுத்து அவனுக்கு வச்சு, சட்டியைக் கொண்டுபோய் ஆத்துல விட்ருவோம். நம்ம சீனி நமக்கு வந்துரும், அவனும் நிம்மதியாப் போவான்."

ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தக் குரலை ஆற்றில் விடுவது எங்களுக்கும் வலித்தது, ஆனால் அம்மன் காரியம். தவமணியக்கா மட்டும் எழுந்து நின்றாள். "கொஞ்ச நாள் பொறுங்க மூக்கையாண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு ஒரே ஒரு தடவை இனிக்கட்டும். அவர் கோவம் தீந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். கோவத்தோட அனுப்பிட்டேன்னா நான் மிச்ச நாளை எப்படி ஓட்டுவேன்?" மூக்கையா தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு தங்கச்சி" என்றார்.

அவளும் பார்த்தாள். மலையில் கடைசியாக நின்ற நல்ல பழமெல்லாம் தேடிப் பறித்துவந்து போட்டாள், கிண்டினாள், ஆரஞ்சு பிழிந்தாள், பட்டை போட்டாள், சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டாள், கெஞ்சினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் எனக்குக் கேட்டது. "என்னங்க, உங்க உசுருக்காகத்தானே மாட்டேன்னேன், உங்களைத் தக்கவச்சுக்கத்தானே! என்கூட மட்டும் பேசாம இருந்தா என்ன அர்த்தம்?" கால் இழுபடும் சத்தம் அவள் பக்கத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான். கரண்டி துவர்த்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் அவள் வீட்டில் கூடினோம். மூக்கையா வாழையிலையை விரித்து, "உங்க வீட்டுச் சீனியைக் கொண்டா தங்கச்சி" என்றார். அக்கா அலமாரியைப் பார்த்தாள். அந்தத் தகர டப்பா, அதே பூட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்குப் புகை படிந்த தூசி. "அதுல என்ன இருக்கப் போகுது? எல்லார் வீட்டுதும் போனப்போ முதல்ல இதுதானே போயிருக்கும்" என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், அதனால்தான் இத்தனை நாளில் ஒருத்தரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. "செத்ததா இருந்தாலும் அதான் வேணும்" என்றார் மூக்கையா. அக்கா முந்தானை நுனியைத் தேடினாள். சாவி இல்லை. சாவன்று சேலை மாற்றியபோது எங்கே விழுந்ததோ. பெட்டியைக் கவிழ்த்தாள், பாயை உதறினாள், அடுப்புச் சாம்பலைக் கிளறினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு எதுக்குக்கா சாவி?" என்றேன். "இழுத்தா வந்துரும்."

"என்னடி சொல்றே?"

"அந்தப் பூட்டு வாங்கின அன்னையிலேருந்தே கொக்கி பிடிக்காதுக்கா. லைனுக்கே தெரியும்."

அக்கா என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "எனக்குத் தெரியாதே. நான் பூட்டினதோட சரி, திறந்ததே இல்லையே. அவருக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறந்துவிட்டேன், இனி மூட முடியாது. "அண்ணன்தானே சொன்னார். பூட்டை வாங்கிட்டு வர்றப்போ வழியில எல்லார்கிட்டயும் இழுத்துக் காட்டிச் சிரிச்சார். உங்கக்காகிட்ட சொல்லிராதீங்க, அவ நிம்மதியாத் தூங்கட்டும்னார்."

அக்கா போய் டப்பாவை இறக்கினாள், பூட்டில் கை வைத்தாள், ஒரே ஒரு தடவை லேசாக இழுத்தாள். திறந்துகொண்டது. உள்ளே இத்தனை வருஷத்துச் சீனி இறுகி ஒரே கட்டியாக, பழுப்பேறி, ஓரத்தில்கூட ஒரு கீறல் இல்லாமல், கடையில் அள்ளிப் போட்ட மட்டத்திலேயே நின்றது. அரிவாள்மனை நுனியால் சுரண்டி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். சட்டியைச் சுற்றி அசையாமல் நின்ற எறும்புகள் எல்லாம் அவள் பக்கம் தலையைத் திருப்பின.

"இனிக்குது" என்றாள்.

மூக்கையா சுரண்டி வைத்துப் பார்த்தார், நான் வைத்துப் பார்த்தேன். சீனி. நல்ல உயிருள்ள சீனி, கீழ் லைனில் மிச்சமிருந்த ஒரே சீனி.

"தொடலை" என்றாள் அக்கா. "இழுத்தா வர்ற பூட்டுடி. கை எட்டுற அலமாரிடி. வீடு வீடாப் போய்க் கையேந்தினார், இதைத் தொடலை. செத்த பிறகும் உங்க எல்லார் வீட்டுலயும் அள்ளினார், இதைத் தொடலை." பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, சாவன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "நான்தான் கோவம்னு நெனைச்சேன். உங்ககிட்ட எடுத்ததுதான் உங்களுக்கு இனிச்சுது. எங்கிட்ட அவர் எதையுமே எடுக்கலையே, எனக்கு எங்கேருந்து இனிக்கும்? சத்தியத்தைக் காப்பாத்திட்டு நிக்கிறார்டி, இங்கேயேதான் நிக்கிறார்!" சுற்றி நின்ற ஆம்பளைகளும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் பூட்டை எடுத்து வாசல் வழியாகச் சாக்கடையில் எறிந்தாள். சீனிக்கட்டியை அப்படியே டப்பாவிலிருந்து தட்டி எடுத்து, இலையில் வைத்து, சட்டிக்கு முன்னால் தள்ளினாள். "எடுத்துக்கங்க" என்றாள். "நீங்க சத்தியத்தை மீறலை, நானே எடுத்துக் குடுக்கிறேன். நாளைக்கு இல்ல, இன்னிக்கு. ஒரு சிட்டிகை இல்ல, எல்லாம்." கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து எங்களோடு நின்றாள். உள்ளே ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் அவசரம் அவசரமாக நடந்தது. பிறகு கடகடவென்று, பல் உடைகிற மாதிரி, கட்டியைக் கடிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கதவைத் திறந்தபோது கட்டி இலையில் முழுசாகவே இருந்தது. சுரண்டி வாயில் வைத்தோம், மண். அதே நேரத்தில் எறும்பு வரிசை கலைந்து, வந்த வழியே அவரவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் என் டப்பாவில் விரலை விட்டேன், இனித்தது, லைன் முழுக்கச் சத்தம் போட்டார்கள், யார் வீட்டிலோ உடனே டீத்தண்ணியைக் கொதிக்க வைத்தார்கள். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எங்களிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அக்கா சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த மூக்கையா, சட்டியை ஆற்றில் விடுகிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

அந்தச் சட்டி இன்னும் அவள் அடுப்பில்தான் இருக்கிறது. பழம் பழுக்கிற காலத்தில் புதுப் பழம் போடுவாள், சொட்டுத் தண்ணீர் இல்லை, சிட்டிகைச் சீனி இல்லை. எங்களில் யாரும் அதை இப்போது கேட்பதில்லை, எங்களுக்கு அது வெறும் துவர்ப்பு. அந்தச் சீனிக்கட்டியைத் திரும்பப் போட்டுத் திறந்தே வைத்திருக்கிற தகர டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு எறும்பும் போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கால் இழுபடும் சத்தம் மட்டும் எனக்குத் தினமும் கேட்கிறது, சில சமயம் சிரிப்பும்.

போன வாரம் தீப்பெட்டி கேட்கப் போனபோது எனக்கும் ஒரு கரண்டி நீட்டினாள். வாயில் வைத்ததும் முகம் எட்டுக் கோணலாகப் போனது.

"எப்படிடி இருக்கு?"

"இனிக்குதுக்கா" என்றேன்.

"பொய்யி. உனக்கு எப்படி இனிக்கும், அது என் வீட்டுச் சீனி" என்று சிரித்து, கரண்டியைப் பிடுங்கி, மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, யாரோ பக்கத்தில் குனிந்து பேசுவதைக் கேட்கிறவள்போல் தலையைச் சாய்த்தாள். சின்னப்பிள்ளைக்கு வருகிற வெட்கம் அவள் முகத்தில் வந்தது.

"என்னக்கா சொல்றார்?"

"நாளைக்கும் வைங்கிறார்" என்றாள்.